ப்ராஜெக்ட் ரிப்போர்ட் - ஒரு கையெழுத்தின் கதை

பொறியியல் படித்தவர்கள் வீட்டில் பரண் மேலோ அலமாரியிலோ ஒரு கறுப்பு ரெக்ஸின் அட்டைப் புத்தகம் கிடக்கும். தங்க எழுத்தில் தலைப்பு, அதன் கீழே மூன்று நான்கு பெயர்கள், கல்லூரி, வருடம். எழுதினவர்களே அதை முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள் என்று கிண்டல் செய்வார்கள் :-) ஆனால் அதற்கு இருநூறு வருடத்துக்கு மேலான முன்கதை இருக்கிறது. இந்த வருடம் பிள்ளை கடைசி செமஸ்டரில் இருக்கும் வீடுகளுக்கு இந்தக் கதை பயன்படும்.

நம்ம சென்னையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1794-ல் ஜார்ஜ் கோட்டை அருகே எட்டு மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. தொடங்கி வைத்தவர் மைக்கேல் டாப்பிங். பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது இந்தப் பள்ளிதான்.

சர்வே வேலையில் ரிப்போர்ட் என்றால் ஃபீல்டு புக். சிவில் படித்தவர்களுக்கு அதன் விதிகள் மறந்திருக்காது. சங்கிலி போட்டு அளக்கும்போது பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி எழுத வேண்டும், ஏனென்றால் நடக்கிற திசையும் எழுதுகிற திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். களத்தில் நின்றபடியே எழுத வேண்டும். அறைக்கு வந்து ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது. தப்பு வந்தால் ரப்பரால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு சரியான எண்ணைப் பக்கத்தில் எழுத வேண்டும். தப்பும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும். அந்த எண்ணை நம்பித்தான் வேறொருவர் வாய்க்கால் வெட்டுவார், பாலம் கட்டுவார். வேலையைச் செய்தவனே எழுதிய சாட்சி அது.

அடுத்து 1847-ல் ரூர்க்கி, 1854-ல் புனே, 1856-ல் கல்கத்தா என்று கல்லூரிகள் வந்தன. பெரும்பாலும் பொதுப்பணித் துறைக்கு ஆள் தயார் செய்யத்தான். வரைபடமும் எஸ்டிமேட்டும் பாடத்தின் முதுகெலும்பு. சுதந்திரத்துக்குப் பின் 1951-ல் கரக்பூர், 1959-ல் சென்னை என்று ஐஐடிகள் வந்தன.

கம்ப்யூட்டர் பரவும் முன் ரிப்போர்ட் என்பது டைப்ரைட்டிங் வேலை. கார்பன் தாள் வைத்து அடிக்க வேண்டும், படங்களை டிரேசிங் தாளில் மையால் வரைய வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு பத்தி மாறினாலும் அந்தப் பக்கத்தையே திரும்ப அடிக்க வேண்டும். அதனால் எழுதும் முன்பே யோசித்தாக வேண்டியிருந்தது.

1984 வாக்கில் தமிழ்நாட்டில் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. 2001-ல் சட்டத் திருத்தம் வந்து மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக்குள் வந்தன. ஆயிரக்கணக்கான ரிப்போர்ட்டுகளுக்கு ஒரே அச்சு வேண்டியிருந்தது. முகப்பு, போனஃபைடு சர்டிபிகேட், சுருக்கம், பொருளடக்கம், அட்டவணைப் பட்டியல், படப் பட்டியல், அத்தியாயங்கள், பின்னிணைப்பு என்று வரிசை. இடப்பக்க மார்ஜினில் பைண்டிங்குக்காகக் கூடுதல் இடம். டைம்ஸ் நியூ ரோமன் எழுத்து. மார்ஜின் தப்பினால் திருப்பி அனுப்புகிற கல்லூரிகள் உண்டு. மில்லிமீட்டரை ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடலாம். பிள்ளையே செய்தானா என்பதைப் பார்க்க எந்த ஸ்கேலும் கிடையாது.

அந்த இடைவெளியில்தான் கடைகள் முளைத்தன. சென்னை ரிச்சி தெரு, ஹைதராபாத் அமீர்பேட்டை பக்கம் போனவர்கள் 'ஐ ட்ரிபிள் ஈ ப்ராஜெக்ட்' போர்டுகளைப் பார்த்திருப்பீர்கள். தலைப்பு, மென்பொருள் நிரல், ரிப்போர்ட், வைவாவுக்குப் பயிற்சி எல்லாம் ஒரே பேக்கேஜ். கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. பல பேருக்கு ஒரே வழிகாட்டி, ஆய்வகத்தில் சாமான் இல்லை, அதே செமஸ்டரில் வேலைக்கான நேர்காணல். பையன் என்ன செய்வான்?

சட்டம் காப்பாற்றுமா என்றால், அதுவும் இல்லை. எழுத்துத் திருட்டைத் தடுக்க யூஜிசி 2018-ல் விதிகள் கொண்டுவந்தது. 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்து என்று படிப்படியாக வகுத்தது. ஆனால் அது முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்கானது. அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போன்றவற்றை விதியே வெளியில் நிறுத்திவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு வெட்டி ஒட்டக்கூட வேண்டியதில்லை. கேட்டால் அத்தியாயமே கிடைக்கும், வேறெதோடும் ஒத்துப்போகாமல்.

ஆக மிச்சம் இருப்பது போனஃபைடு சர்டிபிகேட் என்ற ஒற்றைப் பக்கம். 'போனா ஃபிடே' என்றால் லத்தீனில் 'நல்லெண்ணத்தோடு' என்று பொருள். இன்னார் என் மேற்பார்வையில் செய்த வேலை இது என்று வழிகாட்டி கையெழுத்துப் போடுகிறார். இருநூறு பக்க ரிப்போர்ட்டும் அந்தக் கையெழுத்தின் மேல்தான் நிற்கிறது.

புனேயிலோ பெங்களூரிலோ டெல்லியிலோ இருக்கும் நாம் பிள்ளையின் கல்லூரி ஆய்வகத்தைப் பார்க்கப் போவதில்லை. போனில் கேட்கலாம். "ரிப்போர்ட் பைண்டிங் ஆச்சா?" என்பதற்குப் பதில், "எது சரியா வரலை? அப்புறம் என்ன மாத்தினே?" என்று கேளுங்கள். தானே செய்த பிள்ளைக்கு இதற்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் போதாது. நாற்பது ரூபாய் நோட்டு ஒன்று வாங்கி, தேதி போட்டு, தினமும் செய்ததை அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். தப்பை அழிக்காமல் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். கடைசி மாதத்தில் ரிப்போர்ட் எழுத அந்த நோட்டே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.