பதினெட்டு வயதும் பட்டப்படிப்பும்

1982ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், மலேசியாவில் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1976இலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறிய அச்சட்டம் ஆறாண்டுகள் ஏட்டில் உறங்கிய பின்னரே உயிர் பெற்றது. முஸ்லிம் அல்லாத மக்களை ஒரே திருமணச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்து, ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறியை அது நிலைநாட்டியது. மேடைகளில் போற்றப்பட்டது அந்நெறியே. அதே சட்டத்தின் 95ஆம் பிரிவு, மணமுறிவு நேர்ந்த இல்லங்களில் மட்டும் கண்ணீரோடு வாசிக்கப்பட்டது.

அச்சட்டத்தின் 92ஆம் பிரிவு, பிள்ளைக்கு உறையுள், உடை, உணவு, கல்வி ஆகியவற்றைத் தம் வசதிக்கேற்ப வழங்குதல் பெற்றோரின் கடமை என்றது. 95ஆம் பிரிவோ, பராமரிப்புத் தொகைக்கான ஆணை பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பியதும் முடிவுறும் என்றது. உடற்குறையோ மனக்குறையோ உள்ள பிள்ளைக்கு மட்டுமே விலக்கு உண்டு. கல்வியைக் கடமையாக்கிய சட்டம், கல்வி முற்றுமுன்னரே அக்கடமையை முடித்து வைத்தது!

இம்முரண்பாடு தமிழ்ப்பள்ளி மாணவனை எவ்வாறு தாக்கிற்று என்பது ஆசிரியர்கள் கருதத்தக்கது. ஏழு வயதில் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை, பன்னிரண்டில் ஆறாம் ஆண்டை முடிக்கிறது. தேசியப் பள்ளியிலிருந்து செல்லும் பிள்ளை நேரே முதலாம் படிவம் புகுந்து, பதினேழில் ஐந்தாம் படிவத்தை எட்டும். மலாய்மொழித் தேர்ச்சி போதாத தமிழ்ப்பள்ளி மாணவரோ புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்தாக வேண்டும். ஆகவே குளுவாங்கிலோ சிகாமட்டிலோ ஒரு தோட்டப்பள்ளியில் பயின்றுவந்த அத்தகைய பிள்ளை, எஸ்.பி.எம். தேர்வு எழுதும் ஆண்டிலேயே பதினெட்டை எட்டியது. பல்கலைக்கழகம் இருக்கட்டும், பள்ளிப் படிப்பே முடியாதிருக்கையில் தந்தையின் சட்டக் கடமை முடிந்துவிடும். ஆறாம் படிவமும் அதன்பின் மூன்று நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பும் தாயின் தலைமேல் விழுந்தன. ஸ்கூடாயிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தாலும், விடுதிக் கட்டணத்தையும் நூற்செலவையும் எண்ணித் தயங்கும் நிலை தாய்க்கு.

அக்காலத்தின் அறியாமை என்று இதனைத் தள்ளிவிட இயலாது. மலேசியச் சட்டத்தின் பல விதிகளுக்கு முன்மாதிரியாய் நின்ற இங்கிலாந்தின் 1973ஆம் ஆண்டு மணவழக்குச் சட்டம், கல்வியோ பயிற்சியோ பெறும் பிள்ளைக்குப் பதினெட்டு வயதைக் கடந்தும் ஆணை வழங்க இடமளித்தது. மலேசியாவிலேயே, முஸ்லிம்களுக்கான 1984ஆம் ஆண்டுக் கூட்டரசுப் பிரதேசக் குடும்பச் சட்டமும், மேற்கல்வியின் பொருட்டுப் பராமரிப்பை நீட்டிக்கும் உரிமையை ஷரியா நீதிமன்றத்திற்குத் தந்தது. சிங்கப்பூரின் மகளிர் சாசனமோ இருபத்தொரு வயதைத் தாண்டியும், கல்வி பயிலும் பிள்ளைக்கு வழிவிடுகிறது. ஜொகூர் நீரிணையின் அக்கரையில் கிடைக்கும் உரிமை இக்கரைத் தமிழ்ப் பிள்ளைக்கு இல்லாதிருந்தது. ஈன்றோரின் கடன், தந்தையின் கடன் என்று வகுத்துப் பாடிய பொன்முடியார்கூடப் புறநானூற்றில் அதற்கு வயதெல்லை எதுவும் குறிக்கவில்லை.

நீதிமன்றங்கள் வாளாவிருக்கவில்லை. 1990களில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ‘குறைபாடு’ என்னும் சொல்லை விரித்துப் பொருள்கொண்டது. உயர்கல்வி பயிலும் பிள்ளை பொருளீட்ட இயலாது பெற்றோரைச் சார்ந்து நிற்பதும் அச்சொல்லுள் அடங்கும் என்பது அதன் கருத்து. இஃது அருள்நோக்குடைய விளக்கமே. ஆயினும் சொல்லின் எல்லையை மீறிய விளக்கம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். படிப்பு எவ்வாறு குறைபாடாகும்? 2004இல் கூட்டரசு நீதிமன்றம் அவ்விளக்கத்தை ஏற்க மறுத்தது. உடற்குறை, மனக்குறை என்பவை அவற்றையே குறிக்கும். பொருளாதாரச் சார்பு அவற்றுள் அடங்காது என்பது தீர்ப்பு. உச்ச நிலையில் எழுந்த அத்தீர்ப்பு ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் உட்பட நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தியது. திறந்திருந்த சிறு கதவும் சாத்தப்பட்டது.

அதனைத் திறக்க மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 2017இல் நாடாளுமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பெற்றோருள் ஒருவர் மட்டும் பிள்ளையை மதமாற்றம் செய்வது பற்றிய 88அ பிரிவு அம்மசோதாவிலிருந்து கைவிடப்பட்டதையே அன்று நாடு பேசிற்று; அப்பூசலின் ஓசையில் கல்வி பற்றிய திருத்தம் பலர் காதில் விழாமலே போயிற்று. 2018 டிசம்பர் 15ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மேற்கல்வியோ உயர்கல்வியோ பயிற்சியோ பெறும் பிள்ளைக்கு, அது நிறைவுறும்வரை பராமரிப்பு ஆணை நீடிக்கும் என்று 95ஆம் பிரிவு இப்பொழுது கூறுகிறது. 1982இல் பிறந்த குழந்தை முப்பத்தாறு வயதைத் தொட்ட ஆண்டு அது; அக்குழந்தையின் கல்லூரிக் காலம் என்றோ கழிந்துவிட்டது.

புதிய விதியில் வயதின் உச்சவரம்பு எதுவும் இல்லை. பட்டம் பெற்றபின் முதுகலை பயில்வோர்க்கும் அது பொருந்துமா, ஒரு படிப்பை விடுத்து வேறொன்று தொடங்குவோர்க்கு எந்நாள் நிறைவு நாள் என்பவற்றை அப்பிரிவு விரித்துரைக்கவில்லை. படிப்பு முடிந்து வேலை தேடி அலையும் மாதங்களுக்கு மட்டும் அதில் இடமில்லை.