கட்டளை அதிகாரியின் அறிக்கை (ஐக்கிய அமெரிக்கப் படைத்துறை இயலாமை மதிப்பீடு)

கட்டளை அதிகாரியின் அறிக்கை என்பது, நோய் அல்லது காயம் காரணமாகப் பணியில் தொடர இயலுமா என்ற ஐயத்துக்கு உள்ளான ஒரு படைவீரரைப் பற்றி அவருடைய நேரடிக் கட்டளை அதிகாரி எழுதித் தரும் மருத்துவம் சாராத ஆவணம் ஆகும். ஐக்கிய அமெரிக்கப் படைத்துறையின் இயலாமை மதிப்பீட்டு முறையில் இது முக்கியமான சான்றுகளுள் ஒன்று. உடலில் அல்லது மனத்தில் என்ன குறை உள்ளது என்பதை மருத்துவர் எழுதுகிறார். அக்குறையால் அன்றாடப் பணியில் எது நின்றுபோயிற்று என்பதைக் கட்டளை அதிகாரி எழுதுகிறார். இவ்விரண்டும் சேர்ந்த பின்னரே ஒருவர் படைப்பணிக்குத் தகுதியானவரா என்ற கேள்விக்கு வாரியம் விடை காண்கிறது.

இவ்வறிக்கை படைப்பிரிவுக்குப் பிரிவு வேறு பெயர் பெறுகிறது. தரைப்படையில் இது 7652 ஆம் எண் படிவத்தில் 'கட்டளை அதிகாரியின் பணித்திறன் மற்றும் செயல்பாட்டு அறிக்கை' என வழங்கப்படுகிறது. கடற்படையிலும் மரைன் படையிலும் 'மருத்துவம் சாரா மதிப்பீடு' என்றும், வான்படையில் பொதுவாகக் கட்டளை அதிகாரியின் கடிதம் என்றும் அழைக்கப்படுகிறது. பெயர் எதுவாயினும் நோக்கம் ஒன்றே.

வரலாறு

ஒரு வீரரின் உடற்தகுதியைப் பற்றி மருத்துவரோடு அவருடைய தலைவரையும் கேட்கும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே காணப்படுகிறது. 1861 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டம், பணியாற்ற இயலாத அதிகாரிகளை ஓய்வுபெறச் செய்ய வாரியங்களை அமைத்தது. அவ்வாரியங்களில் மருத்துவ அதிகாரிகளும் பிற படை அதிகாரிகளும் ஒன்றாக அமர்ந்தனர். 1863 ஏப்ரலில் 'ஊனமுற்றோர் படை' தொடங்கப்பட்டது. களத்தில் போரிட முடியாத, ஆனால் காவல் பணி, மருத்துவமனைப் பணி போன்றவற்றைச் செய்யக்கூடிய வீரர்களைக் கொண்ட படை இது. இதற்குரியவர்களின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு ரெஜிமெண்டுக் கட்டளை அதிகாரிகளுக்கு அளிக்கப்பட்டது. மருத்துவ அதிகாரிகள் சொல்வதோடு, தாம் நேரில் அறிந்ததையும் அடிப்படையாகக் கொண்டு அவர்கள் பட்டியலிட வேண்டியிருந்தது. இன்றைய அறிக்கையின் கரு இதில் உள்ளது எனலாம். அப்படை 1864 இல் 'முதுவீரர் சேமப்படை' எனப் பெயர் மாற்றம் பெற்றது.

தற்கால முறைக்கு அடித்தளமிட்டது 1949 ஆம் ஆண்டின் பணி ஊதியச் சட்டம். இயலாமையை விழுக்காட்டில் அளப்பதும், 30 விழுக்காட்டை எல்லைக் கோடாகக் கொள்வதும் அதிலிருந்து வருவன. இவ்விதிகள் இப்போது ஐக்கிய அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10 ஆம் தலைப்பில் 61 ஆம் அத்தியாயமாக உள்ளன.

2007 பெப்ரவரியில் வாசிங்டன் போஸ்ட் நாளிதழ், வால்ட்டர் ரீட் படைத்துறை மருத்துவமனையில் ஈராக், ஆப்கானித்தான் போர்களில் காயமுற்றோர் தங்கியிருந்த கட்டடத்தின் இழிநிலையையும், அவர்கள் மாதக்கணக்கில் காகிதங்களோடு அலைந்ததையும் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில், படைத்துறையும் முன்னாள் படைவீரர் துறையும் ஒரே மருத்துவப் பரிசோதனையைப் பயன்படுத்தும் ஒருங்கிணைந்த முறை வாசிங்டன் வட்டாரத்தில் சோதனை முறையில் தொடங்கப்பட்டுப் பின்னர் எங்கும் விரிவாக்கப்பட்டது. மருத்துவப் பரிசோதனையும் விழுக்காடு கணிப்பும் இவ்வாறு முன்னாள் படைவீரர் துறையின் கைக்குச் சென்றபோதும், கட்டளை அதிகாரியின் அறிக்கை மட்டும் படைப்பிரிவுக்குள்ளேயே எழுதப்படுவதாக நீடித்தது.

மதிப்பீடு நடைபெறும் விதம்

சிகிச்சைக்குப் பின்னும் வீரர் ஒருவர் பணிநிலைத் தரங்களை எட்டவில்லை எனத் தெரிந்தால் மருத்துவர் அவரை மருத்துவ மதிப்பீட்டு வாரியத்துக்கு அனுப்புகிறார். இவ்வாரியம் மருத்துவர்களால் ஆனது. நோய்களை ஆவணப்படுத்தி, அவை படைப்பணியில் நீடிப்பதற்கான தரங்களுக்கு உட்படுகின்றனவா என்று மட்டும் கூறுகிறது. தகுதியற்றவர் என்று அறிவிக்கும் அதிகாரம் இதற்கு இல்லை.

அவ்வதிகாரம் அடுத்த நிலையிலுள்ள உடற்தகுதி மதிப்பீட்டு வாரியத்துக்கே உரியது. முதலில் ஆவணங்களை மட்டும் பார்த்து முடிவு கூறும் முறைசாரா அமர்வு நடக்கும். வீரர் அதை ஏற்காவிடில் அவர் நேரில் தோன்றும் முறைசார்ந்த அமர்வு நடக்கும். பின்னதில் குறைந்தது மூவர் இருப்பர். அவர்களுள் ஒருவர் மருத்துவர்; மற்றொருவர் படைப்பணிகளின் தன்மையை அறிந்தவர்.

வாரியத்தின் முதன்மைக் கேள்வி, தம் பதவிக்கும் தரத்துக்கும் உரிய கடமைகளை இவர் நியாயமான அளவில் செய்ய முடியுமா என்பதாகும். இக்கேள்விக்கு எக்ஸ்-கதிர்ப் படம் விடை தராது. முதுகெலும்புத் தட்டு ஒன்று விலகிய இருவருள், அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர் பணியைத் தொடரலாம். காலாட்படையில் சுமை தூக்கி நடப்பவர் தொடர முடியாது போகலாம். ஆகவேதான் பாதுகாப்புத் துறையின் 1332.18 ஆம் எண் அறிவுறுத்தல், வாரியத்துக்கு அனுப்பப்படும் கோப்பில் நேரடிக் கட்டளை அதிகாரியின் கூற்று இருக்க வேண்டும் என்கிறது. வழமையான கடமைகளிலும், வெளிநாட்டுக் களப்பணிக்கு அனுப்பப்படும் திறனிலும் நோய் ஏற்படுத்தும் விளைவை அக்கூற்று விளக்க வேண்டும்.

அறிக்கையின் உள்ளடக்கம்

வீரரின் பதவி, தொழிற்பிரிவு, அவருக்கு உண்மையில் ஒப்படைக்கப்பட்டுள்ள வேலை ஆகியவை முதலில் இடம்பெறும். ஏட்டில் பீரங்கி வீரராக உள்ள ஒருவர் ஆறு மாதமாகச் சரக்கறையில் பொருள் வழங்கிக்கொண்டிருக்கலாம். நல்ல அறிக்கை இதை வெளிப்படையாகச் சொல்லும். சொல்லாவிடில் அவர் தம் பணியைச் செவ்வனே செய்துவருவதாக வாரியம் எண்ணிவிடும்.

அடுத்து, எவற்றைச் செய்கிறார், எவற்றைச் செய்வதில்லை என்பது. ஆயுதம் ஏந்திச் சுடுதல், தலைக்கவசமும் உடற்கவசமும் அணிந்து இயங்குதல், சுமையுடன் நடத்தல், உடற்திறன் தேர்வு, மருத்துவமனை செல்வதால் இழக்கப்படும் வேலை நாட்கள் போன்றவை இதில் அடங்கும். மனநோய்களில் கேட்கப்படுபவை வேறு. கட்டளையை நினைவில் வைத்து நிறைவேற்றுகிறாரா, ஆயுதத்தை நம்பி ஒப்படைக்கலாமா, சக வீரர்களோடு எவ்வாறு பழகுகிறார் என்பன அவற்றுள் சில. நிலுவையில் உள்ள ஒழுங்கு நடவடிக்கைகளும் குறிப்பிடப்படுகின்றன.

நோயின் பெயரைச் சொல்வதும், விழுக்காட்டைப் பரிந்துரைப்பதும் கட்டளை அதிகாரியின் வேலை அல்ல.

முடிவில் அறிக்கையின் பங்கு

அறிக்கை வாரியத்தைக் கட்டுப்படுத்தாது. மருத்துவச் சுருக்கம், ஆண்டுதோறும் எழுதப்படும் பணித்திறன் மதிப்பீடுகள் முதலியவற்றோடு ஒப்பிட்டு, எப்பக்கம் சான்று மிகுந்துள்ளது என்பதைக் கொண்டே முடிவு எடுக்கப்படுகிறது. எனினும் விதிகளில் நெடுங்காலமாக உள்ள ஒரு கோட்பாடு இவ்வறிக்கைக்குத் தனி எடை தருகிறது. மதிப்பீட்டுக்கு அனுப்பப்படும் வரை ஒருவர் தம் கடமைகளைப் போதிய அளவில் செய்துவந்தார் எனச் சான்று காட்டினால், உடல்நிலை ஐயத்துக்குரியதாக இருந்தாலும் அவரைத் தகுதியானவராகக் கொள்ளலாம் என்பதே அது.

இதனால் விந்தையான நிலை ஒன்று எழுகிறது. தம் வீரர் மீது அன்பு கொண்ட அதிகாரி, அவர் வலியைப் பொறுத்துக்கொண்டு எல்லா வேலைகளையும் முடிப்பதாகப் பாராட்டி எழுதினால், அப்பாராட்டே வீரருக்கு எதிரான சான்றாக மாறக்கூடும். பரிந்துரைக் கடிதமும் இயலாமை அறிக்கையும் வெவ்வேறு வகை ஆவணங்கள் என்பது புதிதாகப் பொறுப்பேற்ற அதிகாரிகள் பலருக்கு உடனே விளங்குவதில்லை.

விழுக்காட்டைக் கட்டளை அதிகாரி தொடுவதில்லை எனினும் அவருடைய சொற்கள் அதை மறைமுகமாகப் பாதிக்கின்றன. முன்னாள் படைவீரர் துறை, பணியோடு தொடர்புடைய எல்லாக் குறைகளுக்கும் இழப்பீடு வழங்கும். படைத்துறையோ, தகுதியின்மைக்குக் காரணமான குறைகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரு வீரருக்கு முதுகுக் குறை 20 விழுக்காடு, முழங்கால் குறை 10 விழுக்காடு எனக் கொள்வோம். இவை நேரடியாகக் கூட்டப்படுவதில்லை. முதல் குறை போக எஞ்சிய 80 இல் பத்தில் ஒரு பங்காகிய 8 சேர்க்கப்பட்டு 28 ஆகிறது; அது அருகிலுள்ள பத்தாகிய 30 க்கு முழுமையாக்கப்படுகிறது. 30 விழுக்காடு பெற்றவர் ஓய்வு பெற்றவராகக் கருதப்பட்டு, மாத ஓய்வூதியமும் தமக்கும் குடும்பத்துக்கும் படைத்துறை மருத்துவக் காப்பும் பெறுகிறார். அறிக்கை முதுகைப் பற்றி மட்டும் பேசி, முழங்காலால் அவர் ஏணி ஏற முடியாததைக் கூறாமல் விட்டு, வாரியமும் முதுகை மட்டுமே தகுதியின்மைக்குக் காரணமாகக் கொண்டால், கணக்கு 20 இல் நின்றுவிடும். 20 ஆண்டுகள் பணி முடிக்காதவர் அந்நிலையில் ஒருமுறைத் தொகையுடன் விலக்கப்படுவார். அத்தொகை பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு மாத அடிப்படை ஊதியம். போர்மண்டலத்துக்கு வெளியே காயமுற்று 5 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு அது 10 மாத ஊதியம் ஆகும். ஏணியைப் பற்றிய ஒரு வரி இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கக்கூடும்.

பணியின்போது நேர்ந்ததா என்ற விசாரணை

கட்டளை அதிகாரி வேறொரு வாயில் வழியாகவும் மதிப்பீட்டில் பங்குகொள்கிறார். வீரரின் சொந்தத் தவறான நடத்தையாலோ வேண்டுமென்றே காட்டிய அலட்சியத்தாலோ ஏற்பட்ட இயலாமைக்கும், அனுமதியின்றிப் பணியிலிருந்து விலகியிருந்த காலத்தில் ஏற்பட்ட இயலாமைக்கும் படைத்துறைப் பயன் கிடையாது. காயம் எந்நிலையில் நேர்ந்தது என்ற விசாரணை படைப்பிரிவிலேயே தொடங்குகிறது. முழுநேரப் பணியில் உள்ளவருக்குச் சாதகமான முற்கோள் உண்டு. சேமப்படையினருக்கோ, காயம் பணிக்காலத்தில்தான் ஏற்பட்டது எனக் காட்டும் அந்த ஒற்றைத் தாளே அவருடைய வழக்கின் உயிர்நாடி. பிரிவு அதை உரிய நேரத்தில் எழுதாவிடில், ஆண்டுகள் கழித்து எழுதுவது மிகக் கடினம்.

ஒழுங்கு நடவடிக்கையும் நோயும்

மிகுந்த சர்ச்சைக்கு உள்ளான பகுதி இது. போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயும் மூளைக் காயமும் சினம், மறதி, மது மிகுதி, தாமதம் எனப் படைமுகாமில் வெளிப்படுகின்றன. இவற்றை நோயின் குறிகளாகவும் காணலாம், ஒழுங்கீனமாகவும் காணலாம். ஒழுங்கீனமாகக் கண்டு நிர்வாக வழியில் விலக்கும் நடவடிக்கையைத் தொடங்கும் அதிகாரம் கட்டளை வரிசைக்கு உண்டு. அவ்வாறு விலக்கப்பட்டவர் இயலாமை மதிப்பீட்டின் முடிவைக் காணாமலே வெளியேற நேரலாம். தரைப்படையில் ஒரே வீரர் மீது இரு நடவடிக்கைகளும் ஒருங்கே நடந்தால், எது தொடர வேண்டும் என்பதைப் பொதுப் படைநீதிமன்றத்தைக் கூட்டும் அதிகாரம் உடைய உயர் அதிகாரி தீர்மானிக்கிறார். நோய் அந்நடத்தைக்குக் காரணமா என்பதை அவர் கருதிப் பார்க்க வேண்டும்.

2010 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டம், களப்பணிக்குச் சென்று திரும்பி இவ்விரு நோய்களில் ஒன்று கண்டறியப்பட்டவரை மதிப்புக் குறைந்த நிலையில் விலக்கும் முன், நோய்க்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. ஆயினும் சிக்கல் தீரவில்லை. நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2017 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2011 முதல் 2015 வரையான நிதியாண்டுகளில் ஒழுங்கீனம் காரணமாக விலக்கப்பட்டவர்கள் 91,764 பேர். அவர்களுள் 62 விழுக்காட்டினருக்கு, விலக்கப்படுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் மன அழுத்த நோய், மூளைக் காயம் அல்லது அவற்றோடு சேர்த்துக் கருதப்பட்ட வேறு சில மனநிலைக் குறைகளுள் ஏதேனும் ஒன்று கண்டறியப்பட்டிருந்தது.

குறைபாடுகள்

அறிக்கையை எழுதுபவர் வீரரை நன்கு அறிந்தவர் என்ற எண்ணத்தின்மேல்தான் இம்முறை நிற்கிறது. நடைமுறையில் இது எப்போதும் உண்மையன்று. தரைப்படையில் ஒரு கம்பெனிக்குப் பொதுவாகக் கேப்டன் தரத்திலுள்ள இளம் அதிகாரி தலைமை தாங்குகிறார்; அவரும் விரைவில் மாற்றப்படுகிறார். நீண்டகாலச் சிகிச்சையில் உள்ளோர் 2007 முதல் 'வீரர் மாற்றுநிலைப் பிரிவு'களுக்கு மாற்றப்பட்டனர் (இவை பின்னர் 'படையினர் மீட்புப் பிரிவு'கள் ஆயின). அங்குள்ள தலைவர் அவ்வீரரை மருத்துவமனை வழிநடையில் கண்டிருப்பாரே தவிர, பீரங்கி அருகிலோ பட்டறையிலோ கண்டிருக்க மாட்டார். இந்நிலையில் பழைய பிரிவின் சார்ஜெண்டுகள் எழுதும் கடிதங்கள் கூடுதல் பயன் தருவனவாக உள்ளன.

மருத்துவ இரகசியமும் ஒரு தடை. பணித்தகுதியை அறியத் தேவையான அளவுக்கே மருத்துவச் செய்தி கட்டளை அதிகாரிக்குத் தரப்படும்; மனநலச் சிகிச்சையில் 2011 இன் அறிவுறுத்தல் ஒன்று இவ்வெல்லையை மேலும் குறுக்கியது. வீரரின் தனியுரிமைக்கு இது தேவையானதே. ஆனால் நோய் என்னவென்று அறியாதவர், அதன் விளைவைச் சோம்பலாகப் பதிவு செய்துவிடும் இடர் உள்ளது.

எதிர்த்துரைக்கும் வழிகள்

வீரருக்குத் தம் கோப்பைப் பார்வையிடும் உரிமை உண்டு. மருத்துவ வாரியத்தின் முடிவுகளைச் சார்பற்ற வேறொரு மருத்துவர் மீளாய்வு செய்யக் கோரலாம். எழுத்து மூலம் மறுப்பும் தரலாம். கேட்கும் எவரையும் முழுமையான, நேர்மையான விசாரணையின்றி உடல் இயலாமை காரணமாக விலக்கவோ ஓய்வுபெறச் செய்யவோ கூடாது என்று சட்டத் தொகுப்பின் 10 ஆம் தலைப்பு, 1214 ஆம் பிரிவு கூறுகிறது. அவ்விசாரணையில் அவருக்குப் படைத்துறை வழக்கறிஞர் கட்டணமின்றி அமர்த்தப்படுகிறார். கட்டளை அதிகாரியின் அறிக்கைக்கு முரணான சாட்சிகளையும் கடிதங்களையும் அங்கு முன்வைக்கலாம்.

பணியிலிருந்து விலகிய பின் பதிவேடுகளைத் திருத்தும் வாரியத்தையும், அதன் பிறகு கூட்டரசு உரிமைக்கோரல் நீதிமன்றத்தையும் அணுகலாம். 2001 செப்டம்பர் 11 முதல் 2009 இறுதி வரை 20 விழுக்காடு அல்லது அதற்குக் குறைவாகக் கணிக்கப்பட்டு விலக்கப்பட்டவர்களுக்காக 2008 இன் சட்டம் தனி மீளாய்வு வாரியம் ஒன்றை ஏற்படுத்தியது. இவ்வாரியம் பழைய கணிப்பை உயர்த்தப் பரிந்துரைக்கலாம், மாற்றமின்றி விடலாம். குறைக்க அதற்கு அதிகாரம் தரப்படவில்லை.