செய்பவன் எங்கே? இசைக்கருவிகளின் பிறப்பிடச் சீட்டுகள் குறித்துச் சில சொற்கள்

பழைய கிதார் வாங்குவோரிடையே ஒரு கேள்வி ஓயாமல் எழுகிறது. தலைப்பகுதியின் பின்புறத்திலும் ஒலித்துளைக்குள்ளும் ஒட்டியிருக்கும் ‘மேட் இன் ஜப்பான்’, ‘மேட் இன் கொரியா’ சீட்டுகளை உரித்துவிடலாமா? சிலர் அழகு கருதி உரிக்கின்றனர். சிலர் மறுவிற்பனையில் விலை குறையக்கூடாதென உரிக்கின்றனர். சிறிய கேள்விதான். ஆனால், ஒரு பொருளின்மீது யாருடைய பெயர் நிற்க வேண்டும் என்ற பெரிய கேள்வியின் ஒரு முனை அது. மும்பைத் தமிழர்களுக்கு அந்தப் பெரிய கேள்வி அந்நியமானதன்று.

வினைச்சொல் ஆறு பொருள்களைத் தரும் என்பது நன்னூலார் கருத்து: செயல், அதைச் செய்பவன், செய்யப்பட்ட பொருள், அதற்குரிய கருவி, நிலம், காலம். இசைக்கருவியில் ஒட்டப்படும் சீட்டையும் ஒரு வினைத்தொடராகவே வாசிக்கலாம். அவ்வாறு வாசித்தால், இந்த ஆறில் எவை எழுதப்பட்டன, எவை மறைக்கப்பட்டன என்பது ஒரு வரலாறாக விரிகிறது.

இத்தாலியின் கிரெமோனாவில் வாழ்ந்து 1737-இல் மறைந்த அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி தம் வயலின்களுக்குள் ஒட்டிய இலத்தீன் சீட்டில் அவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் உண்டு. வினைச்சொல் ‘ஃபாசியேபாத்’. இது ‘செய்தான்’ என்னும் முற்றுப்பெற்ற இறந்தகாலமன்று. ‘செய்துகொண்டிருந்தான்’ என்னும் முற்றுப்பெறா இறந்தகாலம். வேலை இன்னும் முடியவில்லை என்ற கலைஞனின் அடக்கம் அதில் உள்ளதென்பது பண்டைய உரோமானிய எழுத்தாளர் பிளினி காலத்திலிருந்தே வரும் விளக்கம். செய்தவனைப் பெயர்சொல்லிக் குறிக்கும் மரபு நமக்கும் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயர் இன்றும் நிற்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷன், மிட்டன்வால்ட் ஆகிய ஊர்களிலிருந்து மலிவான வயலின்கள் பெருந்தொகையாக உலகெங்கும் சென்றன. அவற்றில் பலவற்றுள் ஒட்டப்பட்டது ஸ்ட்ராடிவாரியின் சீட்டின் நகலே. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறைகளாகக் கர்நாடக இசை பயிலும் வீடுகளில், பாட்டனார் வாசித்த வயலினின் எஃப் வடிவத் துளைக்குள் விளக்கடித்துப் பார்ப்பவர்கள் ‘ஸ்ட்ராடிவாரியஸ்’ என்ற எழுத்தைக் கண்டு திகைப்பதற்குக் காரணம் இதுதான். சீட்டு பொய் சொல்கிறது. ஆனால் அதே சீட்டின் அடியில் ‘ஜெர்மனி’ என்ற சிறிய சொல் இருந்தால், அது மெய் சொல்கிறது.

அந்தச் சொல்லை அங்கே வைத்தது சட்டம். பிரிட்டனின் 1887-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம், ஆங்கிலேயப் பெயர் தாங்கி வரும் அயல்நாட்டுப் பொருள்கள் தம் பிறப்பிடத்தை வெளிப்படையாகக் கூற வேண்டும் என்றது. அதன் வழியில் 1889-இல் இந்திய வணிகக் குறிச் சட்டம் வந்தது. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் பிறப்பிட நாட்டைக் குறிப்பதைக் கட்டாயமாக்கியது. ஆகவே, அமெரிக்கச் சந்தைக்குப் போன கருவியொன்றில் நாட்டுப் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டது எனக் கொள்ளலாம். ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருந்தால் 1918-க்குப் பிற்பட்டது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்றிருந்தால், 1952-இல் முடிந்த நேசநாட்டு ஆக்கிரமிப்புக் காலத்தது. பொய்ச்சீட்டும் ஆவணமே; அதை உரித்தால் கருவியின் வயதைச் சொல்லும் சான்றுகளில் ஒன்று போய்விடும்.

இச்சட்டங்களின் நோக்கம் பாராட்டன்று, இழிவுபடுத்தல். ‘ஜெர்மனியில் செய்தது’ என்றால் மட்டம் என்று வாங்குவோர் ஒதுக்குவார்கள் என எதிர்பார்க்கப்பட்டது. சில பத்தாண்டுகளில் அதுவே தரத்தின் முத்திரையாயிற்று. கிதார்களுக்கும் இதுவே நேர்ந்தது. அமெரிக்க வடிவங்களைப் பின்பற்றிய ஜப்பானியக் கிதார்கள் தொடர்பாகக் கிப்சனின் தாய் நிறுவனம் 1977-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. 1982-இல் ஃபெண்டர் நிறுவனமே ஜப்பானில் கிதார் செய்யத் தொடங்கியது. ஒரு காலத்தில் வெட்கத்தோடு உரிக்கப்பட்ட சீட்டை இன்று சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

எனினும் இந்தப் பயணத்தில் ஓர் இழப்பு உண்டு. ‘மேட் இன்’ என்பது செயப்பாட்டுவினை. அதில் செயலும் நிலமும் நிற்கின்றன, செய்பவன் இல்லை. நாட்டின் பெயர் ஏறியபோது தொழிலாளியின் பெயர் இறங்கிவிட்டது.

நிலமும் இல்லாத நிலை ஒன்றுண்டு. அதைக் காண மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தால் போதும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிப் பகுதித் தமிழர்கள் தோல் பதனிடும் தொழிலில் வேரூன்றிய இடம் அது. இன்றும் அங்கே தைக்கப்படும் பைகளும் இடைவார்களும் பெரும்பாலும் வேறு வணிகப் பெயர்களைத் தாங்கியே வெளியேறுகின்றன. தாராவி என்று அவற்றில் எழுதியிருப்பதில்லை.

சண்முகானந்தா அரங்க மேடையில் ஒலிக்கும் மிருதங்கத்தையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் தோலால் ஆனது. வாசிப்பவர் பெயர் அழைப்பிதழில் இருக்கும். மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும் தேர்ந்து, வார் பிடித்து, நாதத்தை உருவாக்கியவரின் பெயர் கருவியில்கூட இருப்பது அரிது. அவ்வாறு மறைந்த தலித் கிறித்தவக் கைவினைஞர் குடும்பங்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலாக 2020-இல் எழுதினார். சீட்டு இல்லாமைக்குச் சாதியும் ஒரு காரணம் என்பதை அந்த வரலாறு தெளிவாக்குகிறது.

தஞ்சாவூர் வீணை 2013-இலும் நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022-இலும் புவிசார் குறியீடு பெற்றன. மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அக்குறியீடு முதன்மையாகக் காப்பது நிலத்தின் பெயரையே.

ஆகவே கிதார்ச் சீட்டு பற்றிய என் விடை: உரிக்காதீர்கள். பசை மெருகைக் கெடுக்கிறது என்றால், முதலில் படமெடுத்து, பின் பதமாக நீக்கிக் கருவியின் பெட்டிக்குள்ளேயே பாதுகாத்து வையுங்கள். விற்கும்போது வாங்குபவரிடம் கொடுங்கள். உங்கள் வீட்டு மிருதங்கத்தையோ வீணையையோ செய்தவர் யாரென்று தெரிந்தால், அவர் ஒப்புதலோடு அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். வருங்கால ஆய்வாளருக்கு அந்தத் தாள் கல்வெட்டுக்கு நிகராகும்.

உங்களிடமுள்ள பழைய கருவிகளின் சீட்டுகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பின்னூட்டத்தில் பகிருங்கள்.