லோலோ பெர்னாண்டஸும் பெர்லின் ஆட்டமும்

பெருவின் கன்யேத்தே பகுதியில் 1913இல் பிறந்து, 1931 முதல் 1953 வரை லிமாவின் உனிவர்சித்தாரியோ கழகத்துக்காகவே ஆடிய தியோதோரோ 'லோலோ' பெர்னாண்டஸ், தலையில் முடிவலை அணிந்து களமிறங்கும் முன்கள வீரராகவும், பந்தை உதைக்கும் வேகத்தால் 'பீரங்கிக்காரர்' என்று பெயரெடுத்தவராகவும் விளங்கினார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பின்லாந்தைப் பெரு 7-3 என வென்றபோது ஐந்து கோல்கள் அவருடையவை. அடுத்து ஆஸ்திரியாவிடம் இரண்டு கோல் பின்தங்கியிருந்த பெரு, ஆட்டத்தைச் சமன்செய்து, சமநிலையை முறிக்கத் தரப்படும் கூடுதல் நேரத்தில் 4-2 என வென்றது. ஆயினும் பார்வையாளர்கள் களத்துக்குள் புகுந்ததாக ஆஸ்திரியா முறையிட, வெற்றி ரத்தாகி, பார்வையாளரின்றி மறுஆட்டம் ஆட ஆணை பிறந்ததால், பெருவின் ஒலிம்பிக் குழு முழுவதும் வெளியேறியது. இது ஹிட்லரின் வேலை என்று பெருவில் நெடுங்காலம் பேசப்பட்டது. ஆனால் தீர்ப்பளித்தது பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் முறையீட்டுக் குழு. அந்த மனக்குறைக்கு ஓரளவு ஈடாக, கோபா அமெரிக்காவின் முன்வடிவமான தென்னமெரிக்க வாகையர் போட்டியை 1939இல் லிமாவிலேயே பெரு முதன்முறையாக வென்றது. லோலோ ஏழு கோல்களுடன் முதலிடம் பெற்றார். 1953இல், நாற்பது வயதில், பரம எதிரியான அலியான்சா லிமாவுக்கு எதிரான விடைபெறும் ஆட்டத்திலும் மூன்று கோல்கள் அடித்தார்.