மேட்டூர் நீர்த்தேக்கமும் கோடை மீன்பிடிப்பும்



வரலாறு என்று சொன்னதும் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஒரு வலையை எந்த இடத்தில், எந்த வேளையில், எவ்வளவு ஆழத்தில் விரிப்பது என்னும் அறிவுக்கும் வரலாறு உண்டு. பல ஆண்டுகள் பள்ளியில் சரித்திரமும் பூகோளமும் கற்பித்தவன் நான். இவ்விரண்டு பாடங்களும் ஒன்றாய்க் கலந்து நிற்கும் இடம் ஒன்றைக் காட்டுக என்று யாரேனும் கேட்டால், கோடைக்காலத்து மேட்டூர் நீர்த்தேக்கத்தையே காட்டுவேன்.

காவிரி நீரைப் பற்றி மைசூர் அரசுக்கும் சென்னை அரசுக்கும் 1924-ஆம் ஆண்டில் உடன்படிக்கை ஏற்பட்டது. மறு ஆண்டே மேட்டூரில் அணை வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்டு 21 அன்று அணை திறக்கப்பட்டது. அந்நாளில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஸ்டான்லியின் பெயரே நீர்த்தேக்கத்துக்கு இடப்பட்டது. அணையின் நீளம் 5,300 அடி, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிரம்பிய காலத்தில் ஏறக்குறைய 59 சதுர மைல் பரப்பில் நீர் பரந்து கிடக்கும். தஞ்சை வயல்களுக்கு உரிய காலத்தில் நீர் தருவதே அணையின் முதல் நோக்கம். மீனை எண்ணி யாரும் அதைக் கட்டவில்லை. ஆயினும், ஓடும் ஆறு நிற்கும் ஏரியாக மாறியபோது, ஆற்றில் வாழ்ந்த மீனும், அதைப் பிடித்து வாழ்ந்த மனிதனும் தம் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

மேட்டூரில் கோடை என்பது வெயிலை மட்டும் குறிப்பதன்று. பாசனத்துக்கு அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது நெடுநாளைய மரபு. நீர் மிகுந்த ஆண்டில் திறப்பு முந்துவதும், குறைந்த ஆண்டில் பிந்துவதும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் மே 24-இலேயே திறந்துவிட்டார்கள். பிப்ரவரி முதல் மே வரை குடகு மலையில் பெருமழை இல்லை, வரத்துக் குறைவு. இருக்கும் நீரிலும் ஒரு பகுதி குடிநீருக்குச் செல்கிறது; ஒரு பகுதியை வெயில் உறிஞ்சுகிறது. கரை நாளுக்கு நாள் உள்வாங்குகிறது. நீர் மிகவும் தாழ்ந்த ஆண்டுகளில், பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தியும், கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டுகின்றன. அணைக்காகத் தம் வீடுகளையும் வயல்களையும் விட்டுச் சென்ற மக்களின் வரலாறு அப்போது நம் கண் முன்னே நிற்கிறது.

இந்தக் காலத்தில் மீன் எங்கே இருக்கும்? இதற்கு விடை காண, நீரின் இயல்பைச் சிறிது அறிய வேண்டும். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயுவின் அளவு குறையும். 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் ஏறக்குறைய ஏழரை மில்லிகிராமே முடியும். மேலும், வெயிலில் காய்ந்த மேல்நீர் இலேசானது. குளிர்ந்த அடிநீர் கனமானது. காற்று வீசி இரண்டையும் கலக்காதபோது, அவை அடுக்கடுக்காக நிற்கும். அடியிலுள்ள சேறு அழுகும்போது அங்குள்ள பிராணவாயுவும் செலவாகிவிடும். எனவே நடுப்பகலில் மேலே வெப்பம். ஆழ்ந்த அடியிலோ மூச்சு முட்டும் நிலை. மீன்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீரை நாடுகின்றன. அந்த இடைப்பகுதியை அறிவதே கோடை மீனவரின் முதற் கணக்கு.

இரண்டாவது கணக்கு வேளை. அந்தி சாய்ந்து மேல்நீர் ஆறத் தொடங்கியதும், மீன்கள் இரை தேடி மேலேயும் கரையோரத்துக்கும் வருகின்றன. ஆகவே மீனவர்கள் மாலையில் பரிசலில் சென்று வலையை விட்டு, விடியலில் எடுக்கிறார்கள். கோடை இடிமழையோடு வரும் சூறைக்காற்றுக்கு அஞ்சுவதும் அனுபவம் கற்பித்த பாடமே. மூங்கிலால் முடைந்த வட்டப் பரிசல் அமைதியான நீரில் எத்துணை எளிதோ, அலைமோதும் நீரில் அத்துணை அபாயமானது.

மூன்றாவது கணக்கு மீனின் வாய். வியப்பாயிருக்கிறதா? கட்லாவின் வாய் மேல்நோக்கியது. அது மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும். ரோகு நடுநீரில் மேயும். மிருகாலின் வாய் கீழ்நோக்கியது. அது அடிச்சேற்றைக் கிளறும். ஒரே ஏரியில் மூன்று மாடி வீடு போல் இவை வாழ்கின்றன. வாளை போன்ற ஊன் உண்ணும் மீன்கள் மறைவிடங்களில் பதுங்கி இரைக்குக் காத்திருக்கும். இவற்றை அறிந்தே வலையின் ஆழமும் கண்ணியின் அளவும் அமைகின்றன. இவ்வேரியில் பெரிதும் வழங்கி வந்தது ‘ரங்கூன் வலை’ எனப்படுவது. இதற்கு அடிக்கயிறு இல்லை. ஆதலால் நீரில் தளர்ந்து தொங்கி, வந்து முட்டும் மீனைச் சிக்க வைக்கும்.

நான்காவது கணக்கே வரலாற்று மாணவனாகிய என்னை மிகவும் கவர்ந்தது. அது நீருக்கடியில் கிடக்கும் நிலத்தைப் பற்றியது. ஒரு கோடை விடுமுறையில் என் மாணவர் சிலரோடு அங்கே சென்றிருந்தபோது, முதிய மீனவர் ஒருவர் தாம் வலை விடும் இடங்களைப் பழைய வயல், கிணறு, சாலை ஆகியவற்றின் பெயர்களாலேயே குறிப்பிட்டார். அவர் பிறந்தது அணை கட்டிய பின்னர். அவ்வூர்களை அவர் கண்டவரல்லர். தந்தையார் சொல்லக் கேட்ட பெயர்கள் அவை. இடிந்த சுவர் எங்கே, மரத்தின் அடிக்கட்டை எங்கே என்று அறியாதவன் வலை அங்கே கிழியும். அறிந்தவனுக்கோ அங்கேதான் மீன் கிடைக்கும். ஏட்டில் எழுதப்படாத ஒரு கிராமப் படம் மீனவர் நினைவில் வாழ்வதை அன்று என் மாணவர்கள் உணர்ந்தார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கோடையில் நீர் சுருங்குவதால் மீன்கள் சிறிய இடத்தில் நெருங்கி வாழ்கின்றன. அவற்றைப் பிடிப்பது எளிது. எளிதாய்க் கிடைப்பதனாலேயே ஆசையும் பெருகும். நெருக்கமான கண்ணி உடைய வலையை விட்டால் குஞ்சுகளும் அகப்படும். பெருங்கெண்டைகளோ மழைக்காலத்துப் புதுவெள்ளம் வரும்போதுதான் முட்டையிடுகின்றன. ஆகவே வைகாசியில் பிடிபடும் சினை மீன், ஆடி வெள்ளத்தில் பிறக்கவிருந்த ஒரு தலைமுறையாகும்.

இது வெறும் அச்சமா? காவிரியின் வரலாற்றைப் பாருங்கள். உல்லம் என்னும் மீன் கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறி வருவது. 1836-இல் கொள்ளிடத்தில் கட்டிய கீழணை அதன் வழியை மறித்தது. மேட்டூர் அணை வெள்ளத்தையே தேக்கிய பின், காவிரியில் அதன் வரவு மேலும் அருகியது. காவிரிக்கே உரிய கெண்டை வகைகள் சில, புதிய ஏரியில் முதலில் மிகுதியாய்க் கிடைத்துப் பின்னர் மறைந்தன. மேலே கபினி ஆற்றில் 1946 மார்ச்சில் 120 பவுண்டு எடையுள்ள மகசீர் ஒன்று தூண்டிலில் பிடிபட்டது. காவிரி ஆற்றுப் படுகைக்கே உரிய அந்தத் திமில் மகசீரின் சரியான அறிவியற் பெயரை அறிஞர்கள் உறுதி செய்தது 2018-ஆம் ஆண்டில்தான். உறுதி செய்யப்பட்ட அவ்வாண்டே அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாகவும் அறிவிக்கப்பட்டது. பெயர் தெளிவாகும் முன்பே ஆள் போய்விடும் நிலை!

குறையை நிரப்ப மனிதன் முயலவில்லை என்று சொல்ல முடியாது. வடக்கு ஆறுகளுக்கு உரிய கட்லாவைக் கொண்டுவந்து விட்டார்கள். அது இவ்வேரியில் நன்கு வளர்ந்தது. திலேபியா என்னும் ஜிலேபிக் கெண்டை 1952-இல் நம் நாட்டுக்கு வந்து, நீர்நிலைகள் பலவற்றிலும் பரவிவிட்டது. 1957 ஜூலை 10 அன்று, ஊசி மருந்து செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்யும் முறையில் டாக்டர் ஹீராலால் சௌதுரியும் அவர் துணைவர்களும் ஒரிசாவில் வெற்றி கண்டார்கள். அதன் பயனாக மீன் பண்ணைகளில் குஞ்சு வளர்த்து ஏரிகளில் விடுவது எளிதாயிற்று. மேட்டூரிலும் அவ்வாறு விடுகிறார்கள். இம்முயற்சி பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால், பண்ணையில் பிறந்த கட்லா, காணாமற்போன காவிரிக் கெண்டையைத் திருப்பித் தந்துவிடாது. பிடித்ததை நிரப்பலாம், அழிந்ததை நிரப்ப இயலாது.

அணை வேண்டாம் என்பது என் கருத்தன்று. அதனால் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தவர்கள் நாம். மீனவரைக் குறை சொல்வதும் என் நோக்கமன்று. நீரையும் மீனையும் அவரைப்போல் அறிந்தவர் யார்? பெரிய கண்ணி வலையையே விடுவது, குஞ்சு அகப்பட்டால் நீரிலேயே திரும்ப விடுவது, சினை மீன் மேலேறும் வழியில் வலை கட்டாதிருப்பது ஆகிய மூன்றும் அரசின் விதியால் மட்டும் நிலைபெறமாட்டா. மீன் வாங்கும் நாமும் விரலளவுக் குஞ்சுகளைச் சந்தையில் வாங்க மறுக்க வேண்டும். விலை போகாத குஞ்சுக்காக யாரும் வலை விடமாட்டார்கள்.

மாணவர்களே! உங்கள் ஊருக்கு அருகிலும் ஓர் ஏரியோ அணையோ இருக்கும். வரும் கோடையில் அங்கே சென்று, வலை காயவைக்கும் பெரியவர் ஒருவரிடம் முன்பு கிடைத்து இப்போது கிடைக்காத மீன்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வரலாறு அது. எழுத இன்னும் காலம் இருக்கிறது. காக்கவும் சிறிது காலம் இருக்கிறது.