பாட்டும் பள்ளியும்

பாட்டினால் நாடு மாறுமா என்னும் வினா நம் சமுதாய இளைஞரிடையே அடிக்கடி எழுகின்றது. பெரியவர்களுள் சிலர், பறையும் பாட்டும் நம்மைச் சேரியிலேயே நிறுத்தி வைத்தன என்றும், படிப்பு ஒன்றே நம்மை வெளியே கொணர்ந்தது என்றும் கூறுவர். இளைஞருள் சிலரோ, நல்ல பாட்டொன்று இலட்சக்கணக்கானோர் செவிகளை எட்டிவிட்டாலே மாற்றம் தானே வந்துவிடும் என்பர். இவ்விரு கூற்றுகளையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு நாம் முதற்சான்றாகக் கொள்வது அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம்.

உலகெங்கும் அறியப்பட்ட 'வீ ஷல் ஓவர்கம்' என்னும் பாட்டு, புலவர் ஒருவர் தனியே அமர்ந்து இயற்றியதன்று. அது கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல் மரபில் வேர்கொண்டது. 1945ஆம் ஆண்டு அக்டோபரில் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் சுருட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். குளிர்காலம் முழுவதும் நீடித்த மறியலில் லூசில் சிம்மன்ஸ் என்னும் தொழிலாளி அப்பாட்டை நிறுத்தி இழுத்துப் பாடுவார். தேவாலயத்தில் 'நான்' என்றிருந்த சொல் மறியல் களத்தில் 'நாங்கள்' என்றாயிற்று. ஒரு சொல்தான் மாறியது. ஆயினும் தனியொருவரின் வேண்டுதல் அதனால் ஒரு கூட்டத்தாரின் உறுதிமொழியாக மாறிவிட்டது.

அத்தொழிலாளர் சிலர் 1946இல் டென்னசி மாநிலத்து ஹைலாண்டர் பள்ளிக்குச் சென்றனர். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து கற்ற முதியோர் பள்ளி அது. அங்கு இசை கற்பித்த சில்ஃபியா ஹார்ட்டன் அப்பாட்டைக் கேட்டறிந்து, பிறருக்கும் கற்பித்தார். இங்குதான் நாம் உற்று நோக்க வேண்டிய செய்தி உள்ளது. அப்பாட்டைப் பரப்பிய பள்ளியே எழுத்தறிவையும் பரப்பியது.

அந்நாளில் தென் மாநிலங்கள் பலவற்றில் வாக்காளராகப் பதிவு செய்ய விரும்புவோர் அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். படிப்பை மறுத்தவர்களே, படிப்பில்லை என்று கூறி வாக்குரிமையையும் மறுத்தனர். ஜான்ஸ் தீவைச் சேர்ந்த ஈசா ஜென்கின்ஸ், தம் பேருந்தில் வேலைக்குச் செல்லும் மக்களுக்குப் பயணத்தின்போதே அப்பகுதிகளைக் கற்பித்து வந்தார். உரிமை அமைப்பொன்றில் உறுப்பினராக இருந்தமைக்காக 1956இல் ஆசிரியப் பணியிலிருந்து நீக்கப்பட்ட செப்டிமா கிளார்க் அம்மையார் ஹைலாண்டரில் பொறுப்பேற்று, அவருக்குத் துணை நின்றார். 1957 சனவரியில் ஜான்ஸ் தீவின் கடையொன்றின் பின்னறையில் முதற் குடிமைப் பள்ளி தொடங்கிற்று. அங்குக் கற்பித்த பெர்னிஸ் ராபின்சன் தொழிலால் ஒரு சிகை ஒப்பனையாளர். தம் பெயரைத் தாமே எழுதுதலும், படிவம் நிரப்புதலும், அரசியலமைப்பைப் படித்தலும் அங்கே பாடங்களாயின. பின்னர் அத்தீவில் கை கராவன் என்பார் மக்களோடு தங்கி, அவர்களின் பாடல்களையும் போற்றி வளர்த்தார்.

1959 சூலையில் காவலர் ஹைலாண்டரைச் சோதனையிட்டுச் செப்டிமா கிளார்க்கைக் கைது செய்தனர். விளக்குகள் அணைக்கப்பட்ட அவ்விரவில், அங்கிருந்த மாணவர் அப்பாட்டைப் பாடி, அச்சமின்மையைக் கூறும் புதிய அடி ஒன்றையும் சேர்த்தனர். 1961இல் மாநில அரசு அப்பள்ளியை மூடியது. ஆட்சியாளர் பாட்டுக்குப் பூட்டுப் போடவில்லை. பாட்டும் எழுத்தும் ஒருங்கே வளர்ந்த பள்ளிக்கே பூட்டுப் போட்டனர். எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர் போலும்!

1960 ஏப்பிரலில் ராலே நகரில் மாணவர் ஒருங்கிணைப்புக் குழு தோன்றியபோது கராவன் அப்பாட்டைக் கற்பித்தார். அது சிறைச்சாலைகள் தோறும் பரவிற்று. 1961-62இல் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில் நூற்றுக்கணக்கானோர் பாடிக்கொண்டே சிறை சென்றனர். ஆயினும் அந்நகரில் இன ஒதுக்கல் உடனே ஒழியவில்லை. பாட்டுக்கு அங்குக் குறைவில்லை, வெற்றிதான் கைகூடவில்லை. இதனையும் மறவாமல் கூறுதல் நம் கடன். பின்னர் 1965 மார்ச்சு 7ஆம் நாள் செல்மாவில் வாக்குரிமை கேட்டு நடந்தோர் தாக்கப்பட்டனர். மார்ச்சு 15ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன், நாடாளுமன்றத்தில் அப்பாட்டின் சொற்களையே தம் உரையில் எடுத்தாண்டார். ஆகத்து 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. மிசிசிப்பி மாநிலத்தில் வாக்காளராகப் பதிவான கறுப்பினத்தார் 1965இல் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. 1967இல் ஏறத்தாழ அறுபது பேர்.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? பாட்டு அச்சத்தைப் போக்கிற்று. எழுத்தறியாதாரையும் ஓரணியில் நிறுத்திற்று. ஆனால் சட்டத்தைக் கொணர்ந்தது, பாடியவர்கள் கட்டிய அமைப்பே. பாட்டைப் பழித்த பெரியவர் கூற்றும் முழு உண்மையன்று. பாட்டே போதும் என்னும் இளைஞர் கூற்றும் முழு உண்மையன்று.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. மராட்டியத்தில் சத்திய சோதக் சமாஜத்தின் ஜல்சா மரபைப் பின்பற்றி, 1930களில் பீம்ராவ் கர்டக் குழுவினர் அண்ணல் அம்பேத்கரின் கருத்துகளை ஊர்தோறும் பாடி நடித்தனர். இளமையில் பள்ளிக் கல்வி வாய்க்காத வாமன்தாதா கர்டக், வளர்ந்தபின் எழுத்தறிந்து, ஆயிரக்கணக்கான பாடல்களை இயற்றினார். தமிழகத்திலோ, இன்குலாபின் பாடலை மேடைதோறும் முழங்கிய கே. ஏ. குணசேகரன், நாட்டுப்புறக் கலையில் ஆய்வு செய்து பேராசிரியராகவும் விளங்கினார். படிப்பும் பாட்டும் பகையல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று. இழவு வீட்டில் கட்டாயத்தின்பேரில் அடிக்கப்பட்டமையால் இழிவாகக் கருதப்பட்ட பறை, உரிமை மேடையில் விருப்பத்தோடு அடிக்கப்படுங்கால் வேறு பொருள் பெறுகின்றது. இழிவு தோலிலும் கோலிலும் இல்லை. அடிமைப்படுத்திய முறையில்தான் இருந்தது.

இக்காலத்தில் பாட்டுக்கு அவ்வாற்றல் உண்டோ என்பர். 2015இல் கென்ட்ரிக் லாமரின் பாட்டு அமெரிக்கத் தெருக்களில் காவல்துறை வன்முறையை எதிர்த்தோரின் முழக்கமாயிற்று. 2018 சனவரியில் சென்னையில் கானாவையும் பறையையும் புதிய இசையோடு இணைத்து அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, அயோத்திதாசப் பண்டிதரின் சொல்வழிப் பெயர் பூண்டது. ஆற்றல் அழியவில்லை, ஆனால் கேட்கும் முறை மாறிவிட்டது. அன்று பாட்டைக் கேட்க வேண்டின் கூட்டத்திற்குச் செல்ல வேண்டும். சென்றவர் பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து பாடவும் வேண்டும். இன்று ஒருவர் தம் கைப்பேசியில் தனித்துக் கேட்டுத் தனித்தே மகிழ்ந்துவிடலாம். 'நாங்கள்' என்றான சொல் மீண்டும் 'நான்' என்று சுருங்கும் இடர் இங்குள்ளது.

ஆதலின், இளைஞர்களே! நம் பாடல்களைக் கேட்பதோடு நில்லாதீர். மாலை வகுப்பிற்குத் தம்பி தங்கையரை அழைத்து வாருங்கள். பாடம் முடிந்தபின் அனைவரும் சேர்ந்து பாடுங்கள். பாடத் தெரிந்தவர் படிக்கவும், படித்தவர் பாடவும் கூச்சம் கொள்ளலாகாது. ஜான்ஸ் தீவின் கடைப் பின்னறையில் நிகழ்ந்தது நம் தெருவின் திண்ணையிலும் நிகழும். அதற்கு வேண்டிய பாட்டு நம்மிடம் உண்டு. பள்ளியை நடத்துவது நம் கடமை.