சொன்ன பிறகு என்ன நடக்கும்?

நம்ம குழுக் கூட்டங்களில் சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் சத்தமாகவே பேசுவோம். தீர்மான நோட்டை மூடி, பாயைச் சுருட்டுகிற நேரத்தில்தான் சில பேச்சு தாழ்ந்த குரலில் வரும். "அந்த மேஸ்திரி சரியில்லக்கா." "மேனேஜர் இருக்கிற பக்கம் நான் தனியாப் போறதே இல்ல." உடனே ஒருத்தி, "புகார் குடுக்க வேண்டியதுதானே" என்பாள். அதற்கு வருகிற பதிலும் நமக்குத் தெரிந்ததுதான். "குடுக்கலாம்தான். குடுத்த பிறகு?"

இதைப் பயந்தாங்கொள்ளிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. நம்ம பகுதியில் பெண்களுக்கு வேலை எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கானாடுகாத்தானில் பெரிய வீடுகள் சில இன்றைக்குத் தங்கும் விடுதிகளாக இருக்கின்றன. அங்கே அறை பெருக்கவும் அடுப்படியில் நிற்கவும் நம்ம பெண்கள் போகிறார்கள். ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை, காரைக்குடியில் கடைகள், கல்யாண வீட்டுச் சமையல், வீட்டு வேலை. பெரும்பாலும் வாய்வார்த்தையில் சேர்ந்த வேலை. "நாளையில இருந்து வர வேணாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதே இடத்தில் நாத்தனாரும் வேலை பார்ப்பாள், கொழுந்தன் முன்பணம் வாங்கியிருப்பான். அதனால் "குடுத்த பிறகு?" என்று கேட்கிறவள் கணக்குத் தெரிந்துதான் கேட்கிறாள். நமக்கு முன்னால் வாயைத் திறந்த பெண்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பதில் கிடைக்கும்.

முதலில் ராஜஸ்தானுக்குப் போவோம். ஜெய்ப்பூருக்குத் தள்ளி பட்டேரி என்று ஒரு கிராமம். அங்கே பன்வாரி தேவி என்பவர், மண்பாண்டம் செய்யும் குயவர் சாதியைச் சேர்ந்தவர். 1985-இல் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' ஆகச் சேர்ந்தார். சாத்தின் என்றால் தோழி. நம்ம சமுதாயப் பயிற்றுநர்கள் மாதிரி, வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கூலி, படிப்பு, உடல்நலம் பற்றிப் பேசுகிற வேலை. குழந்தைக் கல்யாணத்தைத் தடுப்பதும் அரசு அவருக்குக் கொடுத்த வேலைதான். 1992-இல் ஊரில் வசதியான, மேல்சாதிக் குடும்பம் ஒன்று ஒரு வயதுகூட ஆகாத பெண் குழந்தைக்குக் கல்யாணம் வைத்தது. பன்வாரி தேவி போய்ப் பேசினார், கேட்கவில்லை. போலீஸ் வந்தது, போனது. கல்யாணம் என்னவோ நடந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஊர் அவரைப் பார்த்த விதம் மாறியது. அவர்கள் செய்த பானைகளை யாரும் வாங்கவில்லை. அவர்களுக்குப் பால் கொடுப்பதையும் நிறுத்தினார்கள். பழிவாங்கல் எடுத்த எடுப்பில் அரிவாளோடு வருவதில்லை. முதலில் பிழைப்பில்தான் கைவைக்கும். அந்த நேரத்தில் யாராவது பக்கத்தில் போய் நின்றிருந்தால் பின்னால் நடந்தது நடக்காமல் போயிருக்கலாம். யாரும் நிற்கவில்லை. 1992 செப்டம்பர் 22-ஆம் தேதி, வயலில் வேலை செய்துகொண்டிருந்த அவர் கணவரை அடித்துப் போட்டு, பன்வாரி தேவியைக் கூட்டு வன்கொடுமை செய்தார்கள்.

அவர் மறைக்கவில்லை, புகார் கொடுத்தார். மருத்துவப் பரிசோதனை இரண்டு நாள் கடந்துதான் நடந்தது. காவல் நிலையத்தில் சாட்சிக்காக அவர் உடுத்தியிருந்த பாவாடையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கணவரின் தலைப்பாகைத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் அவர் அங்கிருந்து போனார். 1995 நவம்பரில் கீழ்க் கோர்ட்டு, குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்சாதிக்காரர்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்கிற மாதிரியான காரணமெல்லாம் அந்தத் தீர்ப்பில் இருந்தது. மேல்முறையீடு வருஷக்கணக்கில் தூங்கியது. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய நியாயம் கிடைக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அவர் சொன்ன சொல் வீணாகவில்லை. விசாகா என்ற அமைப்பும் வேறு பெண்கள் அமைப்புகளும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசு கொடுத்த வேலையைச் செய்ததற்காக ஒரு பெண்ணுக்கு இந்தக் கதி என்றால், வேலை செய்யும் இடத்தில் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டார்கள். 1997 ஆகஸ்ட் 13-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு வேலையிடத்திலும் புகார் குழு வேண்டும், அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், குழுவில் பாதிப்பேருக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. புகார் சொன்னவளையும் சாட்சி சொன்னவளையும் பழிவாங்கக் கூடாது என்றும் அந்த நெறிமுறையில் எழுதியிருக்கிறது. நம்ம மகளிர் திட்டம் தமிழ்நாடு முழுக்க விரிந்ததும் அதே 1997 வாக்கில்தான். நாம் கையெழுத்துப் போட்டுச் சேமிப்புக் கட்டத் தொடங்கிய நாட்களில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு குயவர் வீட்டுப் பெண்ணின் பெயரால் நாட்டுக்கே ஒரு விதி பிறந்தது.

அந்த விதி சட்டமாக இன்னும் 16 வருஷம் ஆனது. 2013-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அந்த வருஷம் டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்ததால் பழிவாங்கல் நின்றுவிட்டதா? நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்த இரண்டு சம்பவத்தைப் பார்ப்போம். இரண்டும் 2021-இல் நடந்தவை.

ஒன்று திண்டுக்கல் பக்கம். ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்த, இருபதைத் தாண்டத் தொடங்கிய ஒரு தலித் பெண். அவளுடைய மேற்பார்வையாளர் மாதக்கணக்கில் தொல்லை கொடுத்துவந்தார் என்று வீட்டாரும் உடன் வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். அந்த வருஷம் ஜனவரியில் அவள் கொல்லப்பட்டுக் கிடந்தாள். அந்த மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அவள் உறுப்பினராக இருந்த, பெண்களே முன்நின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் பேசாமல் இருக்கவில்லை. தைத்த துணியை வாங்கி விற்கிற வெளிநாட்டுக் கம்பெனிகள் வரைக்கும் கேள்வியைக் கொண்டுபோனது. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. 25 தொழிலாளிக்கு ஒருவர் வீதம், சங்கம் தேர்ந்தெடுக்கும் கண்காணிப்பாளர் தையல் தளத்திலேயே இருப்பார். அவரும் தொழிலாளிதான். புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் அதுவே தனிக் குற்றம். கம்பெனி ஒப்பந்தத்தை மீறினால் வெளிநாட்டு ஆர்டர் பாதிக்கும். முதல் வருஷம் வந்த 185 புகாரில் 182 தீர்த்து வைக்கப்பட்டன. பக்கத்து மிஷினில் இருக்கிறவளிடம் சொல்லலாம், சொன்னால் வேலை போகாது என்று தெரிந்ததும் வாய் திறந்தது.

இன்னொன்று சாதாரணப் பெண் ஒருவருக்கு நடந்தது இல்லை. அவர் ஒரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், ஐ.பி.எஸ். அதிகாரி. 2021 பிப்ரவரியில், முதலமைச்சர் சுற்றுப்பயணப் பாதுகாப்பு வேலையின்போது, சட்டம் ஒழுங்குச் சிறப்பு டி.ஜி.பி. தன் காரில் வைத்துப் பாலியல் தொல்லை கொடுத்ததாகப் புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பினார். செங்கல்பட்டு பக்கம் சுங்கச்சாவடியில் போலீஸ் படையே நின்று அவருடைய காரை மறித்தது. தோளில் நட்சத்திரம் வைத்த அதிகாரிக்கே வழிமறிப்பு என்றால், பூக்கல் பட்டறையில் மணல் சலிக்கிற நமக்கு எப்படி இருக்கும்? ஆனாலும் அவர் புகாரைக் கொடுத்தார். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்துக் கண்காணித்தது. 2023 ஜூன் 16-இல் விழுப்புரம் நீதிமன்றம் அந்த உயர் அதிகாரிக்கு மூன்று வருஷச் சிறைத்தண்டனை விதித்தது. காரை மறித்த அதிகாரிக்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் அமர்வு நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது.

மூன்று கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. பானை விற்கவில்லை, உயிர் போனது, கார் மறிக்கப்பட்டது. சொன்னால் ஒன்றும் ஆகாது என்று நம்ம தங்கச்சிகளுக்கு நாம் பொய் சொல்லக் கூடாது. ஆனால் மூன்று இடத்திலும் காரியம் நகர்ந்தது, பின்னால் வேறு ஆட்கள் வந்து நின்றபோதுதான். அவர்கள் சம்பவத்துக்குப் பிறகு வந்தார்கள். நாம் முன்னாலேயே நிற்க முடியும், ஏனென்றால் வாரா வாரம் கூடுகிறோம்.

அதற்குச் சட்டத்தில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது சில. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடம் என்றால் அங்கேயே உள் புகார் குழு இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைந்த இடம், அல்லது புகாரே முதலாளி மேல் என்றால், மாவட்டத்தில் உள்ள உள்ளூர் புகார் குழுவிடம் போகலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் இந்தச் சட்டம் உண்டு. நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது புகார் குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போதே, எழுதிக் கேட்டால், அந்த ஆளையோ நம்மையோ வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லலாம், மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். பழிவாங்கல் தொடங்கும் நேரத்தில் உதவுகிற பிரிவு இது. பலருக்கு இது இருப்பதே தெரியாது. பொய்ப் புகார் என்று மிரட்டுவார்கள். நிரூபிக்க முடியாமல் போனால் மட்டும் அது பொய்ப் புகார் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. அவசரத்துக்கு 181 மகளிர் உதவி எண் இருக்கிறது.

அடுத்து, நம்ம கையில் இருப்பது. இது எழுத்துக்குப் பேர்போன சீமை. நகரத்தார் வீட்டில் இசைகுடிமானம் எழுதாமல் கல்யாணம் நடக்காது. நாமும் எழுதி வைப்போம். என்ன தேதி, எத்தனை மணி, யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன சொன்னான் என்று அன்றைக்கே குறித்து வைக்க வேண்டும். புகாருக்குப் பிறகு வேலைநாள் குறைந்தால் அதையும் தேதியோடு குறிக்க வேண்டும். கூலி எந்த வாரம் எவ்வளவு வந்தது என்பது நம்ம சேமிப்புக் கணக்கிலேயே தெரியும். அதுவும் ஒரு சாட்சிதான்.

புகார் கொடுக்கப் போகிறவளோடு ஊக்குநரோ பிரதிநிதியோ ஒருவர் கட்டாயம் போக வேண்டும். வேலை போய்விட்டால், அடுத்த வேலை கிடைக்கும்வரை அவளுக்கு உள்கடனில் முன்னுரிமை, தவணைக்கு அவகாசம் என்று குழு தீர்மானம் போடலாம். பட்டேரியில் பானை விற்காமல் போனபோது இப்படி ஒரு கை இருந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். கடைசியாக ஒன்று. "அவ ஒரு மாதிரி" என்ற பேச்சு நம்ம வாயிலிருந்து கிளம்பக் கூடாது. புகாரில் உள்ள பெயர் கூட்டத்தை விட்டு வெளியே போகவும் கூடாது. பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டமும்கூட.

அடுத்த தடவை பாய் சுருட்டுகிற நேரத்தில் யாராவது தாழ்ந்த குரலில் தொடங்கினால், பாயைத் திரும்ப விரிப்போம். "குடுத்த பிறகு?" என்று அவள் கேட்டால், "குடுத்த பிறகு நாங்க இருக்கோம்" என்று சொல்வதற்கு நம்ம கூட்டமைப்பில் தீர்மானம் இருக்க வேண்டும், நோட்டில், எல்லாருடைய கையெழுத்தோடும்.